பதினெட்டாம் விலக்கு: சில குறிப்புகள்

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் சரி, நேரே விலக்குகள் பகுதிக்குப் போய் எண் 18 எங்கே என்று பார்க்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பரில் விலக்குகளுக்கெல்லாம் நாடு முழுக்க ஒரே வாசகம், ஒரே எண் என்று விதித்தது. அதில் 17 குழந்தையின்மைச் சிகிச்சைக்கு, 18 மகப்பேற்றுக்கு. பிரசவத்தோடு தொடர்புடைய மருத்துவச் செலவு கிடையாது. சிசேரியனும் சிக்கலான பிரசவமும் அதற்குள் அடக்கம். கருச்சிதைவுக்குக் கிடையாது, விபத்தில் நேர்ந்தால் மட்டும் உண்டு. சட்டப்படி செய்யும் கருக்கலைப்புக்கும் கிடையாது. கரு கருப்பைக்கு வெளியே தங்கிவிட்டால் அந்தச் சிகிச்சைக்கு மட்டும் பணம் வரும்.

மூன்றாம் மாதத்தில் தானாகக் கலைந்து, ரத்தப்போக்கோடு இரவு ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெண்ணுக்கு ஒரு ரூபாய் வராது. அதே பெண் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கலைந்திருந்தால் வரும். யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிய வாசகம்தான் இது.

*

அண்ணன் மகள் சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. "அத்தை, டெலிவரிக்குக் கவர் ஆகிற மாதிரி ஒரு பாலிசி பாத்துச் சொல்லுங்களேன். நாங்க அடுத்த வருஷம்தான் யோசிக்கிறோம், அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள். அடுத்த வருடம் என்றால் அவசரம்தான். இந்த ஒரு விஷயத்தில் அவகாசம் இருக்கிறது என்று நினைப்பவர்கள்தான் தாமதமாகி நிற்கிறார்கள்.

பதினெட்டாம் விலக்கைத் தளர்த்தி மகப்பேற்றையும் சேர்த்துத் தருகிற பாலிசிகள் இருக்கின்றன. சிலவற்றில் உள்ளேயே இருக்கும், சிலவற்றில் கூடுதல் பணம் கட்டி ரைடராக வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. குறைந்தது ஒன்பது மாதம், சாதாரணமாக இரண்டு வருடம், சிலவற்றில் மூன்று, நான்கு வருடம். காத்திருப்புக் குறையக் குறையப் பிரீமியம் ஏறும். காலம் முடிந்தபின் நடக்கிற பிரசவத்துக்குத்தான் பணமா, முடிந்தபின் தரித்த கருவுக்குத்தானா என்பது பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். இரண்டுக்கும் நடுவே முக்கால் வருடம் இருக்கிறது.

இன்னொன்றும் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. மாப்பிள்ளை ஐந்து வருடமாக ஒரு பாலிசி வைத்திருக்கிறார், அதில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டால் போதும் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். அவருடைய ஐந்து வருடம் அவருக்குத்தான். அவள் பெயர் ஏறுகிற நாளிலிருந்து அவளுக்குக் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும். சில பாலிசிகளில் கணவன், மனைவி இருவருமே அந்தக் காலம் முழுக்க உள்ளே இருந்திருக்க வேண்டும் என்றும் போட்டிருப்பார்கள்.

*

கம்பெனிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. ஏற்கெனவே கருவுற்றவர்கள் மட்டும் வந்து பாலிசி எடுத்து, பிரசவம் முடிந்ததும் விட்டுவிட்டுப் போனால் எந்தப் பொதுப்பணமும் தாங்காது. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சுருங்குகிறது என்பது அவர் கேள்வி. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு ஏன் கிடைப்பதில்லை என்பதையும் அதே கட்டுரையில் தொட்டிருந்தார். 2001-இல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. மகப்பேற்றில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மை. மாரடைப்பை யாரும் திட்டமிடுவதில்லை.

திட்டமிடுவது நமக்கும் புதிதில்லை. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தவர்கள் என்ன கணக்கில் வைத்தார்கள்? சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாது என்றுதானே. காப்பீட்டுக் கம்பெனியின் ஒன்பது மாதக் காத்திருப்பும் அதே கணக்குதான், வெயிலுக்குப் பதில் பில்.

*

ஒரு பாலிசியில் மகப்பேறு சேர்ந்தால் பிரீமியம் வருடத்துக்கு 9,000 ரூபாய் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காத்திருப்பு மூன்று வருடம். பிரசவத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய். நான்காம் வருடம் குழந்தை பிறக்கிறது. அதற்குள் கூடுதலாகக் கட்டியது 36,000. கையில் நிற்பது 14,000. குழந்தை இரண்டாம் வருடமே வந்துவிட்டால் பூஜ்யம். ஐந்து, ஆறு வருடம் தள்ளிப்போனால் நாம் கொடுத்ததையே நமக்குத் திருப்பித் தருகிறார்கள்.

வங்கியில் மாதம் 1,500 ரூபாய் தொடர் வைப்பில் போட்டுவந்தால் மூன்று வருடத்தில் போட்ட பணமே 54,000, வட்டி தனி. கரு முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் பணம் அங்கே இருக்கும். பதினெட்டாம் எண் விலக்கு எதுவும் அதில் எழுதியிருக்காது. மாதா மாதம் 1,500 ரூபாயைத் தொடாமல் போடுகிற தம்பதி எத்தனை பேர் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பிரீமியம் கட்டச் சொல்லி ஆளாவது போன் செய்கிறான்.

*

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, ஐந்தாவது சுற்று, 2019-21. தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சிசேரியன் 44.9 சதவீதம். அரசு மருத்துவமனைகளில் 36.0, தனியாரில் 63.8. அகில இந்திய அளவு 21.5.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிற தமிழ்நாட்டுப் பெண்களில் மூன்றில் இரண்டு பேருக்குக் கிட்டத்தட்ட நிச்சயமாக நடக்கிற ஒன்றை எந்தக் கம்பெனி குறைந்த விலைக்கு ஏற்கும்? பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்துக் கத்தி வைக்கிற ஊர் வேறு. சென்னையில் நடுத்தரமான ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சிசேரியன் என்றால் பில் ஒரு லட்சத்தைத் தொடுவது சகஜமாகிவிட்டது. ஐம்பதாயிரம் உச்சவரம்பு அதில் பாதி. மாதாந்திரப் பரிசோதனை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் புறநோயாளிச் செலவு என்று பெரும்பாலும் தனியே நிற்கும்.

*

இவ்வளவு பார்த்தபின் எனக்குத் தோன்றியது: பிரசவத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்று கேட்பதே பின்னால் வைக்க வேண்டிய கேள்வி. பிரசவச் செலவு எப்போது வரும், ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே தெரியும். சேமித்துச் சமாளித்துவிடலாம். எப்போது வரும், எவ்வளவு ஆகும் என்று தெரியாத செலவுக்குத்தான் காப்பீடு. மகப்பேற்றில் அப்படிப்பட்டவை இரண்டு: குறைமாதத்திலோ நோயோடோ பிறக்கிற குழந்தை, பிரசவ மேசையில் நிலைமை மோசமாகிற தாய்.

முப்பது வாரத்தில் பிறந்த குழந்தை பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், எல்லோரும் என்ஐசியு என்கிற அந்த அறையில், வாரக்கணக்கில் இருக்கும். மூச்சுக்குக் கருவி, நுரையீரலுக்கு மருந்து, கண் பரிசோதனை, மூளை ஸ்கேன். நாளொன்றுக்குப் பதினைந்தாயிரம் என்று அடக்கமாக வைத்தாலும் முப்பது நாளுக்கு நாலரை லட்சம். நகையை விற்கிறார்கள், நிலத்தின் மேல் கடன் வாங்குகிறார்கள். பணம் கரைந்தபின் தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் வந்து சேருகிற குழந்தைகள் புதிதல்ல.

குடும்பம் முழுவதற்கும் சேர்த்து எடுக்கிற சாதாரண ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசிகளில் பலவற்றில் குழந்தையைத் தொண்ணூறு நாள் முடிந்த பிறகுதான் சேர்ப்பார்கள். அந்தத் தொண்ணூறு நாளில்தான் ஆபத்து முழுக்க இருக்கிறது. மகப்பேறு சேர்ந்த பாலிசிகள் பலவற்றில் குழந்தைக்குப் பிறந்த முதல் நாளிலிருந்து காப்பு உண்டு, ஆனால் எவ்வளவு என்பதில்தான் விஷயம். சிலவற்றில் குழந்தையின் சிகிச்சையும் அதே ஐம்பதாயிரத்துக்குள். சிலவற்றில் தனி உச்சவரம்பு. சிலவற்றில் முழுக் காப்பீட்டுத் தொகை வரைக்கும், பத்து லட்சமென்றால் பத்து லட்சம். பிறவிக் குறைபாடுகளுக்கு உண்டா என்பதும் மாறும். வெளியில் தெரியும் குறைபாடு, உள்ளுறுப்புக் குறைபாடு என்று இரண்டாகப் பிரித்து ஒன்றுக்கு உண்டு, ஒன்றுக்கு இல்லை என்பார்கள்.

தாய்க்கும் இதே கேள்வி. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காமல் ஐசியுவில் நான்கு நாள் இருந்தால் அந்தச் செலவு மகப்பேற்று உச்சவரம்புக்குள்ளா, முழுத்தொகைக்குள்ளா? மகப்பேறே இல்லாத பாலிசியில் இதற்குப் பதில் எளிது, ஒன்றும் கிடையாது. சிக்கலான பிரசவம் என்ற சொல்லை விலக்கு வாசகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிரசவத்துக்கு 25,000 மட்டும் தந்து, சிக்கலுக்கும் குழந்தைக்கும் முழுத்தொகை வரை தருகிற பாலிசியை, பிரசவத்துக்கு ஒரு லட்சம் தந்து மற்ற எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடைக்கிற பாலிசியைவிட நான் மேலாக வைப்பேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது அந்த ஒரு லட்சம்தான்.

*

அவளுக்காக ஒரு முகவரிடம் போனில் பேசினேன். பிரசவத்துக்கு எவ்வளவு, எத்தனை வருடம் என்பதெல்லாம் நுனிநாக்கில் வைத்திருந்தார். "குழந்தைக்கு முதல் நாளிலிருந்து எவ்வளவுங்க?" என்றேன். "பேபி கவர் இருக்கு மேடம்." "எவ்வளவு வரைக்கும்?" "அது இருக்கு மேடம், பயப்படாதீங்க."

*

முதல் பிரசவம் தாய் வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் கிளம்பிவிடுவாள். பாலிசி எடுத்தது சென்னையில், வேலை பெங்களூரில், பிரசவம் கோவில்பட்டியிலோ காரைக்குடியிலோ. அங்கே குடும்பத்துக்குப் பழகிய டாக்டரம்மாவின் இருபது படுக்கை நர்சிங் ஹோம் கம்பெனியின் நெட்வொர்க் பட்டியலில் இருக்காது. பட்டியலில் இருப்பது வெகு தூரம் தள்ளி மதுரையிலோ திருநெல்வேலியிலோ. சிறிய நர்சிங் ஹோமில் என்ஐசியு இருக்காது என்பதையும் அதே மூச்சில் யோசிக்க வேண்டும்.

2024 ஜனவரியில் பொதுக்காப்பீட்டு மன்றம், எந்த ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் வசதி என்று ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. முன்கூட்டியே தெரிந்த சேர்க்கை என்றால் 48 மணி நேரத்துக்கு முன் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள். ஆனால் ஆஸ்பத்திரியும் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். கையிலிருந்து கட்டிவிட்டு ரசீதுகளை அனுப்பி வாங்குவதற்குத் தயாராக இருப்பது நல்லது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு பில், மருந்துச் சீட்டு எல்லாம் அசல். பிள்ளை பெற்ற வீட்டில் இதைச் சேர்த்துவைக்க யாருக்கு நேரம்? மாமனாரிடம் கொடுத்துவிடலாம். கோப்பு போடுவதென்றால் உற்சாகமாகிவிடுவார்.

பெண்ணின் தகப்பன்தான் முதல் பிரசவச் செலவை ஏற்க வேண்டும் என்ற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பாலிசி மாப்பிள்ளை பேரில், பில் மாமனார் பேரில். பணம் திரும்பி வந்தால் யார் கணக்கில் வரும் என்பதை முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டால் மனஸ்தாபம் குறையும்.

*

கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கு வேறு உலகம். நிறுவனம் ஊழியர்களுக்கெல்லாம் சேர்த்து எடுக்கிற குழுக் காப்பீட்டில் மகப்பேற்றுக்கு முதல் நாளிலிருந்தே இடம் இருப்பது வழக்கம். ஒன்பது மாதக் காத்திருப்பையும் தள்ளுபடி செய்து வாங்கியிருப்பார்கள். உச்சவரம்பு ஐம்பது, அறுபது, எழுபத்தைந்தாயிரம் என்று நிறுவனத்தைப் பொறுத்தது. குழந்தை பிறந்ததும் குறித்த நாட்களுக்குள் எச்.ஆர் பிரிவுக்குச் சொல்லிப் பெயர் சேர்க்க வேண்டும். அந்தக் கெடுவைப் பிரசவத்துக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது உத்தமம். தைராய்டு, சர்க்கரை என்று எதையும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிற காப்பு இது.

ஒரே குறை, ராஜினாமாக் கடிதத்தோடு அதுவும் போய்விடும். ஐந்தாம் மாதத்தில் ஆள்குறைப்பு என்று மின்னஞ்சல் வந்தால் அன்றைக்கு வெளியே போய் வாங்குவதற்கு எதுவும் கிடையாது. கருவுற்றிருக்கிறீர்களா என்று விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். ஆம் என்றால் பிரசவத்துக்குப் பிறகு வாருங்கள் என்பதுதான் பெரும்பாலும் பதில். குழுவிலிருந்து விலகும்போது அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறுகிற உரிமை உண்டு. அதில் மகப்பேறு இருந்தால்தான் இங்கே உபயோகம். அதனால் நல்ல சம்பளத்தில் வேறு வேலை கிடைத்தும் 'டெலிவரி முடியட்டும்' என்று உட்கார்ந்திருக்கிற பெண்கள் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக இருக்கிறார்கள். பேறுகால விடுப்புக்கும் இதே தயக்கம் உண்டு. சட்டப்படி, பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அந்த முதலாளியிடம் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். 12 வாரமாக இருந்த விடுப்பு 2017 திருத்தத்தில் 26 வாரமானது.

அண்ணன் மகளுக்கு நான் சொன்ன முதல் வார்த்தை, ஆபீஸ் பாலிசியின் முழுப் பிரதியை எச்.ஆரிடம் வாங்கு என்பது. அவளிடம் இருந்தது நான்கு பக்கப் படவிளக்கம் மட்டும்.

*

மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிற, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ பிடிக்கிற இடத்தில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு மேலே எழுதிய எதுவும் வேண்டாம். திருப்பூர் பனியன் கம்பெனி, ஆம்பூர் ஷூ ஃபாக்டரி, சென்னையில் துணிக்கடை.

15,000 ரூபாய் சம்பளத்தில் அவளிடமிருந்து பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 112 ரூபாய் 50 காசு. முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. மொத்தம் மாதம் 600. இதற்கு அவளுக்குக் கிடைப்பது: இஎஸ்ஐ மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன் உட்பட. 26 வாரத்துக்கு முழுக் கூலி, கிட்டத்தட்ட 90,000 ரூபாய். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில், அதாவது ஒரு வருடத்தில், 70 நாள் சந்தா கட்டியிருந்தால் போதும். கருச்சிதைவுக்கும் ஆறு வாரக் கூலி உண்டு. பதினெட்டாம் எண்ணில் தனியார் கம்பெனிகள் தள்ளிவைக்கிற அதே கருச்சிதைவுக்கு. சேரும்போது கருவுற்றிருக்கிறாயா என்று படிவத்தில் யாரும் கேட்பதில்லை. எல்லோரையும் கட்டாயமாகச் சேர்த்துவிட்டால் அகர்லாஃப் சொன்ன சிக்கலே எழாது. 1948-இல் போட்ட சட்டத்தில் தொடங்கியது இது.

கே.கே.நகரிலும் அயனாவரத்திலும் அந்த ஆஸ்பத்திரி வரிசைகளைப் பார்த்தவர்கள் என் உற்சாகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். வரிசை உண்மை. மருந்து வெளியில் வாங்கச் சொல்வதும் நடக்கிறது. சம்பளம் 21,500 ஆகிவிட்ட பெண்ணின் நிலைமை அதைவிட மோசம். அந்தப் பங்களிப்புக் காலம் முடிகிற வரை இஎஸ்ஐ ஓடும், பிறகு வெளியே. தனியார் பாலிசிக்குக் கட்டக் கையில் பணம் இருக்காது, கட்டினாலும் இரண்டு, மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். இஎஸ்ஐக்கான இந்தச் சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் 15,000-லிருந்து 21,000 ஆனது. விலைவாசி அங்கேயா நிற்கிறது?

*

1928-இல் பம்பாய் மாகாணச் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்களுக்கான பேறுகால மசோதாவை அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். மறு வருடம் அது சட்டமானது, இந்தியாவில் இவ்வகையில் முதல். செலவை யார் சுமப்பது என்பதே அன்றைய வாக்குவாதம். இன்றும் அதேதான். 26 வாரச் சம்பளத்தையும் முதலாளி ஒருவர் தலையில் வைத்ததால், பத்துப் பேர் வேலை செய்யும் சிறு அலுவலகங்கள் கல்யாணமான இளம்பெண்ணின் விண்ணப்பத்தைப் பார்த்ததும் இழுக்கின்றன. இஎஸ்ஐ போலப் பொதுவில் பகிர்ந்திருந்தால் அந்த இழுப்பு குறைந்திருக்கும்.

*

எந்தப் பாலிசியும் இல்லாத பெண்ணுக்கு அரசு மருத்துவமனை. 2011 முதல் நடக்கிற ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் பிரசவமும் சிசேரியனும் மருந்தும் வண்டியும் இலவசம், நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சையும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987-இல் 300 ரூபாயில் ஆரம்பித்தது. 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000. முதல் இரண்டு குழந்தைகளுக்கு, ஏழைக் குடும்பங்களுக்கு. பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிய வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் 'பிக்மி' என்கிற கர்ப்பப் பதிவு எண் வாங்கியே ஆக வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கு அது தேவை.

நடுத்தரக் குடும்பங்கள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. குழந்தைக்கு நிலைமை மோசமானால் மட்டும் எழும்பூர் நினைவுக்கு வரும். 1844-இல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனையும் அங்கேதான் இருக்கிறது, மெட்ரோ பிடித்தால் போய்விடலாம்.

*

2021-ஆம் ஆண்டு வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம்: குழந்தை வேண்டும் தம்பதி, கருவைச் சுமக்கும் பெண்ணுக்கு 36 மாதக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும், பிரசவத்துக்குப் பின் வரும் சிக்கல்களுக்கும் சேர்த்து. நல்ல சட்டம். தன் பிள்ளையைத் தானே சுமக்கிற பெண்ணுக்கும் சில பாலிசிகளில் அதே 36 மாதம்தான், காத்திருப்பதற்கு.

*

அமெரிக்காவில் இருக்கிற தோழியின் மகளுக்கும் இதே தேடல் ஒரு காலத்தில் இருந்தது. அங்கே 1978 சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஊழியர்களுக்குக் காப்பீடு தந்தால் கருவுற்றதைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது. தனியாக வாங்குகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. மகப்பேறு இல்லாத பாலிசிகள்தான் மலிந்திருந்தன, கருவுற்றவளை நிராகரிக்கவும் செய்தார்கள். 2014 ஜனவரி முதல் மகப்பேறு புதிய தனிநபர், சிறு நிறுவனப் பாலிசிகளில் கட்டாயம், நிராகரிக்கவும் முடியாது. ஆனாலும் வருடத்தில் குறிப்பிட்ட காலத்தில்தான் கதவு திறக்கும். குழந்தை பிறந்தால் இடையில் திறப்பார்கள், கருவுற்றதற்காகப் பெரும்பாலான மாநிலங்களில் திறப்பதில்லை.

*

தைராய்டு மாத்திரை, நீர்க்கட்டி, முன்பு நடந்த கருச்சிதைவு. இந்த மூன்றையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்று சொல்லித்தருகிற முகவர்கள் இருக்கிறார்கள். எழுதினால் முன்பே உள்ள நோய் என்று கூடுதல் காத்திருப்பு விழும் என்பது உண்மைதான். 2024 ஏப்ரலிலிருந்து அது அதிகபட்சம் 36 மாதம், முன்பு 48. எழுதாமல் விட்டால், பிரசவத்தின்போது ஆஸ்பத்திரிக் குறிப்பில் 'ஆறு வருடமாகத் தைராய்டு' என்று டாக்டர் எழுதிவைப்பார், கிளைம் அங்கேயே நின்றுபோகும். தொடர்ந்து ஐந்து வருடம் கட்டிய பாலிசியை மோசடி நிரூபணமானால் தவிர இந்தக் காரணம் சொல்லி மறுக்க முடியாது. ஆனால் குழந்தை அதுவரை பொறுத்திருக்க வேண்டுமே.

*

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதுவரை 18 சதவீதம். 20,000 ரூபாய் பிரீமியத்தில் 3,600 ரூபாய் மிச்சம். அதைத் தொடர் வைப்பில் போடலாம் என்று அண்ணன் மகளிடம் சொன்னேன். சிரித்தாள்.

*

கடைசியில் அவள் செய்தது: ஆபீஸ் பாலிசியை முழுக்க வாசித்தாள். பிரசவத்துக்கு அறுபதாயிரம், குழந்தைக்கு முதல் நாளிலிருந்து குடும்பத் தொகை முழுவதும் என்று இருந்தது. பிரசவத்துக்கு அதை நம்புவது, மேலே ஆகிற பணத்துக்கு மாதச் சேமிப்பு என்று இருவரும் முடிவெடுத்தார்கள். வேலை போனால் என்ன செய்வது என்பதற்காக, இரண்டு வருடக் காத்திருப்போடு தனியே ஒரு ஃப்ளோட்டர். அதில் மகப்பேற்றுத் தொகை சிறியது, சிக்கல்களுக்கும் குழந்தைக்கும் முழுத்தொகை. முதல் குழந்தைக்கு அது உதவாமல் போகலாம், இரண்டாவதுக்கு நிற்கும். பத்திரம் கைக்கு வந்தபின் முப்பது நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதால் அந்த முப்பது நாளும் கேள்விகளுக்கே போயிற்று. போனில் கேட்காதே, மின்னஞ்சலில் கேள், பதிலைப் பத்திரமாக வை என்று சொல்லியிருந்தேன். 'பிறந்த குழந்தையின் என்ஐசியு செலவு முழுக் காப்பீட்டுத் தொகை வரை ஏற்கப்படுமா, மகப்பேற்று உச்சவரம்புக்குள் அடங்குமா' என்று ஒரே வரியில் எழுதிக் கேட்டாள். முதலில் வந்த பதிலில் பாலிசியின் விளம்பரத்தாளை இணைத்திருந்தார்கள். அதே வரியை மறுபடி அனுப்பினாள். இரண்டாவது பதிலில், பிரிவு எண் குறிப்பிட்டு, முழுத்தொகை வரை என்று எழுதி வந்தது. அதை அச்செடுத்துப் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறாள்.